வசவு இல்லாத கடிதம்

ரயில் நிலையம், ம்பிகா
8 பிப்ரவரி 1998

எலி தின்னி லெவிசன் ஜேரேவுக்கு,

உன் எஜமானன் சிலேக்வா எழுதுவது. இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் சுகம். அந்தப் பக்கம் எப்படி? எஸ்னாட் இன்னும் உன்னை விட்டு ஓடவில்லையா? உன்னோடு குடும்பம் நடத்துகிற பொறுமைக்கே அவளைச் சொர்க்கத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். மகள் தெம்வா விடுதிப் பள்ளியில் நன்றாகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் இங்கே சரக்குக் கொட்டகையில் வேலை பார்க்கும் தெம்போவின் அப்பா இறந்துபோனார். உங்கள் ங்கோனி இனத்து ஆள். நான் விடுவேனா? குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டேன். "இந்தக் கிழவன் வாழ்நாளெல்லாம் எலியா தின்னு தீர்த்தான். எனக்கு ஒரு கோழி அடிச்சுப் போட்டாத்தான் எந்திரிப்பேன். இல்லேன்னா என்னையும் சேர்த்து மூடுங்க" என்றேன். அழுதுகொண்டிருந்த கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரிடா குரங்கு தின்னி, கோழி வேகுது" என்றாள்.

தார்-எஸ்-சலாமிலிருந்து வந்திருக்கும் புது இன்ஜினியர் அரண்டுபோனார். "சாவு வீட்டில் இப்படியா?" என்றார். அவருக்கு விளக்கினேன். எங்கள் பாட்டன்மாரும் அவர்கள் பாட்டன்மாரும் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள் ஐயா. அந்தப் பகை தீர, பெம்பாக்காரனும் ங்கோனிக்காரனும் இனி வாயால் மட்டும் குத்திக்கொள்ள வேண்டும், என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, ஒருவன் செத்தால் மற்றவன்தான் வந்து புதைக்க வேண்டும் என்று முறை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரி தெரியவில்லை.

கப்வேயில் ஒரே அறையில் நீ வாத்தியாருக்கும் நான் ரயில்வேக்கும் படித்த காலத்திலிருந்து உன்னைச் சகித்துவருகிறேன். பதில் போடு, சோம்பேறி மச்சான்.

உன் குழியை வெட்டப்போகும்,
சிலேக்வா


சிப்பாட்டா
15 மார்ச்

குரங்கு தின்னி சிலேக்வாவுக்கு,

உன் கடிதத்தை எஸ்னாட்டுக்குப் படித்துக் காட்டினேன். குரங்குகூட இவ்வளவு அழகாக எழுதுமா என்று கேட்டாள். இந்தப் பக்கம் வீட்டில் எல்லோரும் சுகம். தெம்வா நன்றாக இருக்கிறாள். உன் பக்கம் மகன் முசோண்டாவும் அவன் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன்.

எனக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. தூக்கம் போய்விட்டது. விடிவதற்கு வெகு முன்னாலேயே விழித்துக்கொள்கிறேன், அப்புறம் கண் மூடுவதில்லை. அன்று ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி பாவனை செய்து வெளியே வந்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

கிளினிக்கில் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் மலேரியா என்றார்கள். காய்ச்சலே இல்லாத மலேரியா. "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்கிறாள் எஸ்னாட். யோசிக்க என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கும் தெரியவில்லை. சோளம் நன்றாக விளைந்திருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனாலும் காலையில் எழுந்து சட்டைக்குப் பொத்தான் போடுவது மலை ஏறுவதுபோல இருக்கிறது.

சரி, உன் மண்வெட்டியைத் தீட்டி வை. இந்த வருஷம் உனக்கு வேலை வைத்துவிடுவேன் போலிருக்கிறது.

உன் அரசன்,
லெவிசன்


ம்பிகா
2 ஏப்ரல்

எலிகளின் அரசனுக்கு,

இந்தப் பக்கம் சுகம். அந்தப் பக்கம் நீ மட்டும் சுகமில்லை என்று படித்து மகிழ்ந்தோம். உன் கடிதத்தை ஸ்டேஷனில் உரக்கப் படித்தேன். சிக்னல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெஞ்சு படபடத்ததாம்! எலி வேட்டையில் ஓடி ஓடித்தான் உங்கள் ஆட்களுக்கு நெஞ்சு இப்படி ஆகிவிட்டது. பொத்தான் போட முடியவில்லை என்றால் எஸ்னாட்டைப் போட்டுவிடச் சொல். பெண்டாட்டி எதற்கு இருக்கிறாள்?

மண்வெட்டியைத் தீட்டிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாவதாக இருந்தால் மழை முழுக்க நிற்பதற்குள் செத்துவிடு. ஜூன் வந்தால் உங்கள் ஊர் மண் கல்லாகிவிடும், என் இடுப்பு தாங்காது. கோழி கறுப்புக் கோழியாக இருக்கட்டும்.

உன் குழியைத் தோண்டப் போகும்,
சிலேக்வா


சிப்பாட்டா
26 ஏப்ரல்

அன்புள்ள திரு. சிலேக்வா அவர்களுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாங்கள் இங்கே இருக்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எஸ்னாட்டுக்குப் படித்துக் காட்டினேன், இருவரும் சிரித்தோம்.

கூரையைச் சரிசெய்துவிட்டேன். சோளத்தைக் களஞ்சியத்தில் ஏற்றியாகிவிட்டது, அடுத்த அறுவடை வரை போதும். என் வானொலிப் பெட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கப்வேயில் நாம் சேர்ந்து கேட்டது. மண் இன்னும் இளகித்தான் இருக்கிறது.

இத்தனை வருஷம் எனக்கு நண்பராக இருந்ததற்கு நன்றி.

லெவிசன் ஜேரே


ம்பிகா
10 மே

மாண்புமிகு எலி தின்னி அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று எனக்கு மரியாதை வேறா! ராஜ பரம்பரைக்காரன் அடிமைக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் மழை பொய்த்துவிடும். வானொலிப் பெட்டி எனக்கு வேண்டாம். அதில் பாதி நேரம் இரைச்சல்தான் கேட்கும், உன் பேச்சு மாதிரி. இந்தப் பக்கம் எல்லோரும்

லெவிசன், இதற்கு மேலே இருப்பது நேற்று எழுதியது. பாதியில் நின்றுபோனது. கிழித்துப் போடத் தோன்றவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை முசோண்டாவின் அம்மா வாங்கிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை. திரும்ப ஒரு முறை படித்தாள். "இதுல ஒரு வசவுகூட இல்லையே" என்றாள்.

"மரியாதையா எழுதியிருக்கான், அதுவும் ஒரு கேலிதான்" என்றேன்.

"ஏங்க, உங்களை ஒரு நாளாவது குரங்குன்னு சொல்லாம அவர் கடுதாசி முடிச்சிருக்காரா? கூரை, சோளம், ரேடியோ. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போற ஆளு பேசுற பேச்சு மாதிரி இருக்கு. அதோட நீங்க என்ன எழுதினீங்க? மழை நிக்கிறதுக்குள்ள செத்துடுன்னுதானே?"

அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்டேஷன் தொலைபேசியிலிருந்து சிப்பாட்டா தபால் நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாயில் தண்ணீர் வற்றிப்போகிற பயம்.

எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒரே ஒரு வசவு எழுதி அனுப்பு. கெட்ட வார்த்தையாக இருந்தால் இன்னும் நல்லது. அது வந்தால் எனக்குச் சோறு இறங்கும்.

சிலேக்வா


சிப்பாட்டா
24 மே

முசோண்டாவின் அப்பாவுக்கு,

எஸ்னாட் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? உங்கள் கடிதத்தை நான்தான் பிரித்தேன். அவரால் இப்போது வைய முடியாது. பேசுவதே அபூர்வமாக இருக்கிறது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பயந்து படிக்காதீர்கள். உயிரோடு இருக்கிறார்.

இந்த மாதம் முதல் வாரம் நடந்தது. என்ன செய்துகொண்டார் என்று எழுத மாட்டேன், எழுத எனக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் வீட்டுக்கு வராததால் தேடிப் போனோம். வயலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள், அதனால் பிழைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் மண்வெட்டிக் கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது நான் சிரித்தேன், முசோண்டாவின் அப்பா. இடுப்பு தாங்காது என்ற இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கே தெரியவில்லை, நீங்கள் அங்கிருந்து எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? உங்களை நான் குறை சொல்லவில்லை. என்னைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்றே படித்த நமுகோலோ அம்மா என்றொருவர் இருக்கிறார். மருத்துவ அலுவலர். லோசி இனத்தவர், நெட்டையாக, சிரிக்காமல் பேசுவார். இது பேயும் இல்லை பில்லியும் இல்லை, மலேரியாவும் இல்லை, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்றார். மாலையில் சாப்பிட மாத்திரை கொடுத்திருக்கிறார். "உடனே கேக்காதும்மா. சில வாரம் ஆகும். மொதல்ல வாய் வறளும், தூக்கம் தூக்கமா வரும். குணமாகலையேன்னு பாதியில விட்டுடக் கூடாது. டப்பா உன் கையிலதான் இருக்கணும், அவர் கையில இருக்கக் கூடாது" என்றார். சிதேங்கேத் துணியின் முடிச்சில் கட்டி இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். குளிக்கப் போகும்போதும் கூடவே வருகிறது.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது வராதீர்கள். பெம்பா மச்சான் பெட்டியோடு வந்து இறங்கினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். ஜேரே வாத்தியார் செத்துவிட்டார் என்று பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஊரில் மலேரியா என்றுதான் சொல்லியிருக்கிறோம். கடிதம் எழுதுங்கள், அது போதும்.

எஸ்னாட்


ம்பிகா
14 ஜூன்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் லெவிசன் ஜேரே அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் நலம். தாங்கள் பூரண நலம் பெற வேண்டி ஞாயிறுதோறும் திருப்பலியில் காணிக்கை வைத்து வேண்டிவருகிறோம்.

துன்பம் எல்லோருக்கும் வருவதுதான். தாங்கள் தைரியமாக இருக்க வேண்டும். கல்வி அறிவுள்ள தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்துகளை வேளை தவறாமல் உட்கொள்ளவும். தங்கள் துணைவியாரும் மகளும் தங்களையே நம்பியிருக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.

முன்பு நான் எழுதிய தகாத சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி ஒருபோதும் அப்படி எழுத மாட்டேன்.

தங்கள் பணிவுள்ள,
பொனிஃபஸ் சிலேக்வா


சிப்பாட்டா
30 ஜூலை

சிலேக்வா,

போன மாதம் உன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. எழுதியது யார்? உன் பாதிரியாரா, அல்லது பாதிரியாரின் கழுதையா?

நான் சுகம் என்று எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன், அதுவே பெரிய சங்கதி.

முதல் சில வாரம் மாத்திரை என்னைக் கட்டையாக்கிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குணம் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து என் மாமா வெள்ளை அங்கி போட்ட ஒரு தீர்க்கதரிசியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தீர்க்கதரிசி என் தலையைப் பிடித்து ஆட்டினார். "மாத்திரையும் ஜெபமும் ஒரே வயித்துல இருக்காது. எதாவது ஒண்ணுதான்" என்றார். மாமா எஸ்னாட்டிடம் கை நீட்டினார், "டப்பாவைக் கொடு, எரிச்சிடலாம்" என்று. என் எஸ்னாட், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை, முடிச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "மாமா, உங்களுக்குச் சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுறாங்களே, அது எந்த வயித்துக்குள்ள போகுது? அதை மொதல்ல எரிங்க. அப்புறம் இதைப் பாப்போம்" என்றாள். மாமா தொப்பியைத் தேடினார். தீர்க்கதரிசி என்னைவிட வேகமாகக் குணமாகி வெளியே போய்விட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை, பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்த பிறகுதான் போட்டதே தெரிந்தது. அவ்வளவுதான். வானம் ஒன்றும் திறக்கவில்லை.

புதன்கிழமைதோறும் நமுகோலோ அம்மா எங்கள் கிளினிக்குக்கு வருகிறார். போய்ப் பேசுகிறேன். அவர் சிரிக்கவே மாட்டார், ஆனால் எதைச் சொன்னாலும் அதிர்ச்சி அடையவும் மாட்டார். நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று என் புத்தி சொல்கிறது என்றேன். "எஸ்னாட்கிட்ட கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கணக்கு வாத்தியார்தானே, விடையைச் சரிபார்க்காமலா எழுதுவீங்க?" என்றார். வீட்டுப்பாடம் கொடுக்கிறார், எனக்கு! போன வாரம், சந்தைக்குத் தனியாகப் போய்த் தக்காளி வாங்கி வருவது. நெஞ்சு அடித்தால் ஓடி வரக் கூடாது, அடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நின்றேன். தக்காளிக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அடிப்பது தானாகவே நின்றது. ஒரு கூடை தக்காளி வாங்கிவிட்டேன், எஸ்னாட் திட்டுகிறாள்.

இப்போது உன் விஷயம். 'பெருமதிப்பிற்குரிய' என்று படித்ததும் நான் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். பள்ளியில் எல்லோரும் இப்போது என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், முட்டையைத் தொடுவதுபோல. நீயுமா? செத்தவன் குழியில் படுத்துக் கேலி பேசுகிறவன், உயிரோடிருக்கிறவன் வீட்டுக்குப் பாதிரியாரை அனுப்புகிறாய். பிணத்துக்குக் கிடைக்கிற மரியாதையாவது எனக்குக் கிடைக்கக் கூடாதா?

உன் பழைய கடிதம் என்னைக் கொல்லவில்லை. நான் மெய்யாகச் சொன்னதை விளையாட்டு உடுப்புப் போட்டு அனுப்பினேன். நீ உடுப்பைப் பார்த்துச் சிரித்தாய். இனி ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். மெய்யாக இருந்தால் தலைப்பிலேயே 'விளையாட்டு இல்லை' என்று எழுதுவேன். இல்லாவிட்டால் நீ தாராளமாக வையலாம். நமுகோலோ அம்மாவும் இதற்குச் சம்மதித்தார். இன்னொன்றும் சொன்னார். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்டுவிட வேண்டுமாம். கேட்டால் அந்த எண்ணம் புத்தியில் ஏறிவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்களாம். ஏற வேண்டியது ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும், கேட்டால்தான் இறங்கும் என்றார்.

லெவிசன்


ம்பிகா
25 ஆகஸ்ட்

எலிப் பொந்தின் தலைவனுக்கு,

இந்தப் பக்கம் சுகம். முசோண்டாவுக்குப் பல் விழுந்திருக்கிறது. அவன் அம்மா உன் தீர்க்கதரிசி கதையைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எஸ்னாட்டை எங்கள் ஜாதியில் சேர்த்துக்கொள்ளத் தீர்மானம் போட்டிருக்கிறோம், நீ அங்கேயே இரு.

உண்மையைச் சொல்லட்டுமா? மேலே இருக்கிற இந்த நாலு வரி கேலியை எழுத எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. ஒரு வார்த்தை எழுதுவேன், அதை நீ எந்த நேரத்தில் படிப்பாய் என்று நினைப்பேன், அடித்துவிடுவேன். உனக்கு நெஞ்சு படபடப்பது நின்றது, எனக்குத் தொடங்கிவிட்டது. தபால் பையை அவிழ்க்கும்போதெல்லாம் உன் கடிதத்தைத்தான் முதலில் தேடுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் பயம், பார்க்காவிட்டால் அதைவிடப் பயம்.

நேராகக் கேட்கச் சொன்னாய், கேட்கிறேன். இன்னும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. எந்தப் பதில் வந்தாலும் நான் ஓட மாட்டேன்.

உன் எஜமானன்,
சிலேக்வா


சிப்பாட்டா
10 அக்டோபர்

சிலேக்வா,

விளையாட்டு இல்லை.

நீ கேட்டதற்கு ஆகஸ்டிலிருந்து பதில் எழுதாமல் இருந்தேன். 'இல்லை' என்று எழுத ஆசைப்பட்டுக் காத்திருந்தேன். அநேகமாக இல்லைதான். நாள்கணக்கில் அந்த எண்ணம் எட்டிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி நேரம் பாடம் எடுக்கிறேன். அதனால்தான் இந்தத் தப்பு நடந்தது.

எஸ்னாட்டின் அம்மா பெட்டாவுக்கேயில் படுத்த படுக்கையாக இருக்கிறார். எஸ்னாட் போயே ஆக வேண்டும். டப்பாவை என்ன செய்வது என்று தவித்தாள். "எங்கிட்ட குடு. நான் என்ன பச்சப் பிள்ளையா?" என்று நான்தான் சண்டை பிடித்தேன். ஐந்து மாதமாக என் மருந்து இன்னொருவர் இடுப்பில் தொங்குவது எனக்கு அவமானமாக இருந்தது. அழுதுகொண்டே கொடுத்துவிட்டு, இன்று காலை பஸ் ஏறிவிட்டாள். அவள் போகும்வரை எனக்கு ஒன்றுமில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகு வீட்டுக்குள் வந்தேன். மேசைமேல் டப்பா இருந்தது. கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

எனக்குச் சாவு வேண்டாம், மச்சான். இதை எழுதும்போதே தெரிகிறது, வேண்டாம். ஆனால் அந்தப் பழைய எண்ணம் கதவுக்கு வெளியே வந்து இருமுகிறது. பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்றால், அவள் தலைமையாசிரியரின் மனைவி. மாலைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் வேலை மிஞ்சாது. தினமும் ஒன்று சாப்பிட வேண்டும் என்பதால் தூக்கி எறியவும் முடியாது. நமுகோலோ அம்மா புதன்கிழமைதான் வருவார். அதுவரை ஞாயிறு தேவாலயத்தில், மற்றப் பகலெல்லாம் பள்ளியில், மாலையில் சந்தையில் தக்காளிக்காரி பக்கத்தில் நிற்கப்போகிறேன். புதன்கிழமை டப்பாவை அவரிடம் கொடுத்துவிடுவேன்.

எண்ணம் வந்தால் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பது நமுகோலோ அம்மாவின் கட்டளை. உன்னிடம் சொல்கிறேன். தபாலை நம்பாமல் லுசாகா பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் அங்கிருந்து வடக்கே போகும் வண்டியில் சேர்த்துவிடுவார்.

வர முடிந்தால் வா. ஊர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

லெவிசன்


சிப்பாட்டா
14 அக்டோபர், புதன்

முசோண்டாவின் அம்மாவுக்கு,

இந்தப் பக்கம் சுகம். இந்த வார்த்தையை இன்று மனமறிந்து எழுதுகிறேன், அதனால் முதலில் மூச்சு விடு. அந்தப் பக்கம் நீயும் பிள்ளையும் எப்படி? சொல்லாமல் கொள்ளாமல் சட்டையோடு வண்டி ஏறிவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். பிளாட்பாரத்தில் அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது சரக்கு வண்டி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. முதல் வரியைப் படித்தேன், கார்டு பெட்டியில் தொற்றிக்கொண்டேன். உனக்குச் சொல்லி அனுப்பியது சிக்னல்காரன்தான்.

வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். லுசாகாவில் சிப்பாட்டா பஸ் நிரம்பாமல் கிளம்ப மாட்டேன் என்றான். நான் கத்திய கத்தலில் நிரம்பாமலே கிளம்பினான்.

இன்று மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. சன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன், மேசை காலியாக இருந்தது. டப்பாவும் இல்லை, ஆளும் இல்லை. வாசலிலேயே குந்தி, மறுபடியும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எஸ்னாட் சொன்னபடியே ஆனது. என் முகத்தைப் பார்த்து, என் பெம்பாப் பேச்சைக் கேட்டு, எதிர் வீட்டுப் பெண் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, பெம்பாக்காரர் வந்துட்டாரே! வாத்தியார் போயிட்டாரா?" என்று அலறினாள்.

நான் என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கே தெரியாதே. இன்று புதன் என்பது நினைவுக்கு வந்து கிளினிக்கை நோக்கி ஓடினேன். எனக்குப் பின்னால் மூன்று நான்கு பெண்கள் அழுதுகொண்டே ஓடி வந்தார்கள்.

கிளினிக் வராந்தாவில் கைக்குழந்தைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே நம் லெவிசன். மெலிந்துபோயிருக்கிறான். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் அழுதுகொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்தான்.

"யாருடா செத்தது?" என்றான்.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்கள் அவனைக் கண்டு அப்படியே நின்றார்கள். ஒருத்தி அழுகையை நிறுத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுதாள். "வாத்தியாரே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் அவன் மலேரியா என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கை ஈரமாக இருந்தது. "மனசுல நோவும்மா. சாகணும்னு தோணுற நோவு. அதுக்குத்தான் மருந்து சாப்பிடறேன்" என்றான். இவ்வளவு பயத்தோடு ஒரு மனிதன் பேசி நான் பார்த்ததில்லை. அழுத பெண் அவனுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் தங்கைக்கும் இப்படித்தான் இருக்கிறதாம், என்னிடம் மெதுவாகக் கேட்டாள், எந்தக் கிழமை வர வேண்டும் என்று.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் உள்ளே போனேன். நமுகோலோ அம்மா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் யாரு?"

"என் மச்சான். என்னைப் புதைக்க வேண்டியவன்" என்றான் லெவிசன்.

"எஸ்னாட் வர்ற வரைக்கும் டப்பாவை வெச்சிருப்பீங்களா? சாயங்காலம் ஒண்ணு எடுத்துக் கொடுக்கணும். முழுங்குறதைப் பாக்கணும். கூடவே இருக்கணும், கூடப் பேசணும். முடியுமா?"

முடியும் என்றேன். லெவிசன் டப்பாவை என் கையில் வைத்தான். அத்தனை சின்ன டப்பா அது. வாங்கும்போது மாத்திரைகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. எத்தனையோ குழியில் இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிக் கை நடுங்கியதில்லை.

எஸ்னாட் திரும்பி வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன். அது எத்தனை நாள் என்று தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நீ சொல்லிவிடு. சாவுக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் கேள்வி கேட்காமல் லீவு எழுதிக்கொள்வார். அப்படிச் சொல்லாதே. உயிரோடிருக்கிற ஒருத்தன் கூட இருக்கப் போயிருக்கிறார் என்று சொல். அதற்கெல்லாம் லீவு கிடையாது என்பார். கிடையாது என்றே எழுதிக்கொள்ளட்டும்.

சிலேக்வா